கை நீட்டிப் பார்க்கிற வழக்கம்

மழை வருமா என்று அறிய வீட்டுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிற கடைசி மனுஷி தன் அம்மைதான் என்றும், அவளோடு அந்த வழக்கம் பூமியை விட்டே ஒழிந்துபோகும் என்றும், ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழேகாலுக்கு, புட்டோடு ரசகதளிப் பழத்தைப் பிசைந்துகொண்டே விபின் அறிவித்தான்.

அறிவிப்பைக் கேட்கக் கிடைத்தவர்கள் மூன்று பேர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா செல்லையன், எதையும் பின்படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் கேட்கும்படி சொல்லிப் பழகியவர். மகன் பேசும்போது மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். மனைவி அஜிஷா, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டிக்குப் போகும் அவசரத்தில் தலைமுடியைக் கொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள், அந்தக் கடைசி மனுஷியேதான். கிருபாபாய் புட்டுக்குழலை இறக்கி, கம்பால் தள்ளி, அடுத்த குத்தை மகனின் தட்டில் விழவைத்தாள்.

"ஒழிஞ்சு போட்டு மக்கா. நீ தின்னு."

விபின் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் இருந்தது. காரக்கோணத்திலிருந்து வெள்ளறடை போகும் ரோட்டில், இடதுபக்கம் இறங்கும் சரிவில் இருந்தது அவர்கள் வீடு. அதன் பின்னால் தோட்டமாகக் கிடந்த விளையில் நூற்று நாற்பது மூடு ரப்பர் மரம். கிருபாபாய்தான் பால் வெட்டுவாள். விடியும் நேரத்தில் அடுக்களைக் கதவைத் திறந்து, வலது கையை மலர்த்தி வெளியே நீட்டுவாள். ஒரு பரமண்டல ஜெபத்தை மனசுக்குள் சொல்லி முடிக்கும் வரை கை அங்கேயே நிற்கும். பிறகு இடது கை. அதற்கும் ஒரு ஜெபம். இரண்டு ஜெபமும் முடிந்தால் வெட்டலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வெட்டிய மரத்திலிருந்து பால் சிரட்டையில் வடிந்து தீர இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மழை வந்தால் அன்றைய பால் முழுவதும் தண்ணீரோடு போகும். மரத்துக்கு மரம் கட்டும் மழைக்காப்பு பிளாஸ்டிக்கை இந்த வருஷம் கட்டவில்லை. செல்லையன் மே மாதம் முழுக்க 'நாளைக்குக் கட்டலாம்' என்று சொல்லி, ஜூனில் மழை வந்ததும் 'இனி எப்பிடி கட்டுகது' என்று கேட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, கை 'வேண்டாம்' என்றது. கிருபாபாய் கத்தியைத் திரும்பக் கூரையோரத்து இறவாணத்தில் சொருகிவிட்டு உள்ளே வந்தாள். ஏழு மணிக்கு வெயில் கல்யாண வீட்டு டியூப்லைட் போல எரிந்தது.

"அம்மா, உள்ளங்கைக்கு அளவு உண்டா? அது நம்பர் சொல்லுமா? நேத்தைக்க மழையையும் இன்னைக்க மழையையும் ஒப்பிட்டுப் பாக்க முடியுமா?"

"ஒப்பிட்டு என்ன செய்ய? நேத்தைக்க மழை நேத்தைக்கே பெய்து போச்சே."

"இன்னைக்கு தப்பிப் போச்சுல்லா?"

"சில நாளு தப்பும்," என்று கிருபாபாய் ஒத்துக்கொண்டாள். "கைதானே."

இந்த 'கைதானே'யைத்தான் விபினால் பொறுக்க முடியவில்லை.

விபினுக்குக் கொச்சியில் ஒரு கம்பெனியில் கண்ட்ரோல்ஸ் இன்ஜினியர் வேலை. கப்பல்கள் எண்ணெய் குடிப்பதைக் குறைக்க வழி செய்வது அந்தக் கம்பெனியின் தொழில். இதை ஊருக்கு விளக்கும் பொறுப்பைச் செல்லையன் தானாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். விளக்கம், எலியாவின் சாயாக்கடையில், ரசவடை தீரும்வரை நடக்கும்.

"கப்பலுக்க மேல ரெண்டு தூணு நிக்கும், கேட்டியா எலியா. ஒவ்வொண்ணும் ஆறு மாடி உசரம். கரண்டுல நின்ன எடத்துலயே சுத்தும். பக்கத்துல இருந்து காத்து அடிக்கும்போ, சுத்துற தூணு கப்பலை முன்னால இழுக்கும். கார்னர்ல நின்னு சுத்தி அடிச்ச பந்து வளைஞ்சு போஸ்டுக்குள்ள கேறும்லா? அதே சங்கதி ஆக்கும். பத்து டன் எண்ணெய் எரியுத எடத்துல ஒன்பது போதும். புகையும் அத்தறைக்கு குறையும்."

"அதுல உனக்க மவனுக்கு என்ன வேலை?"

"எப்ப சுத்தணும், எந்தப் பக்கம் சுத்தணும், எப்ப நிக்கணும், எல்லாம் அந்தத் தூணுக்குச் சொல்லிக்குடுக்கது அவனாக்கும்."

எலியா சாயாவை ஒரு ஆள் உயரத்துக்கு ஆற்றினார். "பண்டு பாயைக் கட்டிட்டு கடலுல போனானுவளே, அவனுவ பாய்க்குச் சொல்லிக்குடுத்தா போனானுவ?"

"அதனாலதான் பாதிப்பேரு திரும்பி வரல்ல."

செல்லையன் ஊருக்குச் சொல்லாத பகுதி ஒன்று இருந்தது. அந்தத் தூண்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

'ஸீ கார்த்திகா' என்பது கப்பலின் பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றிக் கரையோரமாக ஓடுவது. அதில் தூண்களை நிறுத்தி இரண்டு முறை கடலில் சோதனை நடந்தது; இரண்டு முறையும் ஒரே கதை. தூண்கள் சுற்றத் தொடங்கி நாலாவது நிமிஷம், காற்று திசை மாறிவிட்டது என்று காற்றுமானி சொல்லும். விபின் எழுதிய புரோகிராம் அந்தச் சொல்லை மதித்துத் தூண்களை நிறுத்தும். நின்ற உடனே, காற்று பழைய திசைக்கே வந்துவிட்டது என்று காற்றுமானி சொல்லும். தூண்கள் மறுபடி சுற்றும். இப்படி ஏழு மணி நேரம் கப்பல் விக்கல் எடுத்துக்கொண்டே போனது. காற்று மிச்சம் பிடித்துக் கொடுத்ததை விட, தூண்களை நிறுத்தித் தொடங்குவதில் போன கரண்டு அதிகம்.

மூன்றாவது சோதனை, அடுத்த வாரம் கழிந்து வரும் வியாழக்கிழமை. அதிலும் விக்கல் வந்தால், கிரேன் வைத்துத் தூண்களைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, அவை நின்ற இடத்தில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடுவதாகக் கப்பல்காரர்கள் எழுதிவிட்டார்கள். தூண் இல்லாவிட்டால் தூணுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனும் வேண்டியதில்லை என்பதை, கம்பெனி நாலு மரியாதையான பத்திகளில் விபினுக்கு எழுதியிருந்தது. ஐந்து வருஷமாக அவன் செய்த ஒரே வேலை அதுதான். கொச்சி ஆபீசில் ஆளாளுக்கு அவன் நாற்காலி அருகே வந்து நின்று பெருமூச்சு விட ஆரம்பித்ததும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

அடுக்களையை ஒட்டிய சாய்ப்பு அறையில் இரண்டு ஸ்கிரீன்களை வைத்துக்கொண்டான். கடலிலிருந்து வரும் அளவுகள் அதில் கோடு கோடாக ஓடும். எல்லைப்புறத்து வீடு என்பதால், ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்தினால் போன் அவனைத் தமிழ்நாட்டுக்கு வரவேற்கும். சுவர்ப் பக்கம் நகர்த்தினால் கேரளத்துக்கு. ஒரு நாளில் இருபது தடவை வரவேற்கப்பட்டபடி, புரோகிராமில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தான். இதுவரை நாற்பத்து மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

கப்பலில் இருந்தவன் அனூஜ். வெள்ளறடைக்காரன், கல்லூரியில் விபினோடு ஒரே பெஞ்சு. அன்று மத்தியானம் அவன் கூப்பிட்டான்.

"எலே, கேப்டன் சொல்லியாரு, காத்து திசை மாறவே இல்லியாம்."

"ஸ்கிரீன்ல மாறுதுல்லா?"

"அவரு வெளிய போய் கையை நீட்டிப் பாத்தாராம்."

விபின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுக்களையில் ஒரு கை, கடலில் ஒரு கை. உலகம் தனக்கு எதிராகக் கைகளை நீட்டுவதாக அவனுக்குப் பட்டது.

"அவருக்க கையை கலிபரேட் செய்தது யாரு?"

"முப்பத்தி ரெண்டு வருஷம் கடல்ல கெடந்த கையாக்கும்."

"நம்ம காற்றுமானிக்கு சர்ட்டிபிகேட் உண்டு. கைக்கு உண்டான்னு அவருட்ட கேளு."

"நீயே வந்து கேளு. எனக்கு ராத்திரி இஞ்ச சோறு வேணும்."

விபின் போக மாட்டான். கட்டிப்போட்ட கப்பலில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறான். அதிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சாயா குடித்தான். நேரில் போய்ப் பார்ப்பது, அவன் கருத்தில், சென்சார் கண்டுபிடிக்கும் முன் மனிதன் செய்துகொண்டிருந்த காரியம்.

அந்தக் கருத்தை நிரூபிக்க, கடல் இருக்கட்டும், முதலில் வீட்டிலிருந்து ஆரம்பிப்பது என்று சனிக்கிழமை முடிவெடுத்தான். நாகர்கோவிலிலிருந்து வாங்கிவந்த சாமான்களை வைத்து ஒரு பெட்டி செய்தான். பெட்டி என்றால், அஜிஷா மீன்கறி கொண்டுபோகும் பிளாஸ்டிக் டப்பா. காற்றின் ஈரம், சூடு, அழுத்தம், துளி விழுந்தால் அறியும் ஒரு தகடு, எல்லாம் அதற்குள். அது கணக்குப் போட்டு அம்மையின் போனுக்குச் சொல்லும். அம்மைக்குக் கண்ணாடி எடுத்துப் போட நேரமாகும் என்பதால், எழுத்தாக இல்லாமல் குரலாகவே சொல்லும். குரல் விபினுடையது. இரண்டே சொல்: 'வெட்டலாம்', 'வெட்டண்டாம்.'

பெட்டியை விளையின் நடுவில் ஒரு கம்பு நட்டு அதன்மேல் வைக்க வேண்டும் என்று அவனே வரைபடம் போட்டிருந்தான். வைபை அதுவரை போகவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரையின் பின்சுவர் வரைதான் எட்டியது. ஓட்டுக்கு அடியில் ஆணி அடித்து அங்கேயே மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக்குறிப்பு வாசித்தபோது, 'ஆபத்தான கடற்பிரயாணத்தில் இருக்கும் சகோதரர் விபினுக்காக' என்று வாசித்தார்கள். சகோதரர் விபின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து ரத்னபாய் அவன் தோளைத் தட்டி, "எப்பம் கரைக்கு வந்தே மக்கா?" என்று கேட்டாள். ரத்னபாய்க்கு வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். அவன் போன வாரம் முழுக்க கைலியோடு குழாயடியில் நின்றதைப் பார்த்தவள். செல்லையன் திரும்பிப் பார்க்காமல் பாட்டுப்புத்தகத்தில் மும்முரமாக இருந்தார். குறிப்பு எழுதிக் கொடுத்தது அவர்தான்.

திங்கள் முதல் வெள்ளி வரை பெட்டி ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஐப்பசியில் பெய்யும் துலா மழை வழக்கமாக மத்தியானம் கழிந்துதான் வரும் என்பது பெட்டிக்குச் சாதகமாக இருந்தது. காலை எழுந்ததும் கிருபாபாயின் இடுப்பில் சொருகிய போனிலிருந்து மகன் குரல் 'வெட்டலாம்' என்னும். அவள் "செரி மக்கா" என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள். சாயாக்கடையில் செல்லையன், இனி பஞ்சாயத்துக்கு ஒரு பெட்டி வீதம் போதும் என்றார்.

"அது மழை வரும்னு சொல்லி நான் பாக்கல்லியே," என்றார் எலியா.

"வராத மழையை எப்பிடி எலே சொல்லும்?"

ஆறாம் நாள் சனிக்கிழமை. அஜிஷாவுக்கு ஓய்வு நாள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது கிருபாபாய் அடுக்களைக் கதவைத் திறந்தாள். வெளியே காற்று அசையவில்லை. பலாமரத்து இலைகள் எல்லாம் ஒரே பக்கம் தொங்கின. ஒருமாதிரி கனம். அவள் வலது கை தானாக எழுந்தது.

"அம்மா!"

சர்க்கரை திருடும்போது பிடிபட்டவள்போலக் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாய்ப்பு அறை வாசலில் விபின் நின்றான்.

"சும்மா ஒரு தடவை, மக்கா."

"நீட்டினா பின்ன கையைத்தான் நம்புவிய. பெட்டி எதுக்கு?"

"ரெண்டையும் நம்பினா என்ன?"

"ரெண்டும் ரெண்டு சொன்னா?"

கிருபாபாய் கதவைப் பாதி சாத்தினாள். இடுப்பிலிருந்து, வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்ற மகனின் குரல், 'வெட்டலாம்' என்றது. அவள் நேரில் நிற்கிறவனையும் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு மகன்கள் சொல்லும்போது ஒரு அம்மை என்ன செய்ய முடியும். தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு, கத்தியை உருவி எடுத்துப் போய், நூற்று நாற்பது மரத்தையும் வெட்டினாள்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேற்கே ரப்பர் இலைகள்மேல் லாரியிலிருந்து சல்லி கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. சத்தம் சரிவில் இறங்கி வந்தது.

"பாலு! பாலை எடுங்க!"

நாலு பேரும் ஓடினார்கள். கிருபாபாய் மேல்வரிசையிலிருந்து, செல்லையன் நடுவிலிருந்து, நைட்டிமேல் விபினின் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அஜிஷா கீழிருந்து. விபினுக்கு எந்த வாளி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குளியலறைக் கப்போடு ஓடினான். சிரட்டைகள் ஏற்கெனவே நிறைந்து வழிந்தன. மரப்பட்டை வழியாக மழை இறங்கி, பாலைக் கலக்கி, வெள்ளை வெள்ளையாகத் தரையில் விட்டது. கிருபாபாய் ஒரு சிரட்டையை வாளியில் கவிழ்த்துப் பார்த்து, அதில் பாலைவிடத் தண்ணீர் கூடுதல் என்று கண்டு, அடுத்ததற்கு ஓடி, அதையும் பார்த்து, இருபதாவது மரத்தடியில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தாள். அவள் நடப்பதைப் பார்த்ததும் மற்றவர்களும் நின்றார்கள்.

கஞ்சித்தண்ணீர் நிறத்தில் ஒரு ஓடை விளையிலிருந்து இறங்கி, முற்றத்தைத் தாண்டி, ரோட்டோர ஓடையில் சேர்ந்தது. எதிர்வீட்டு ரத்னபாய் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள்.

"கிருபா, இத்தறை பாலை ஏன்டீ ரோட்டுக்கு விடுதே? ஒரு கிளாஸ் எனக்குத் தரப்பிடாதா?"

கிருபாபாய் வாயைத் திறக்கும்முன் அவள் இடுப்பு, 'வெட்டலாம்' என்றது.

அரைமணிக்கு ஒரு தடவை அது சொல்லும்படி விபின்தான் அமைத்திருந்தான்.

தலைகளைத் துவட்டி, அடுக்களையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கும், கல்லில் சதைத்த காந்தாரி மிளகுச் சம்மந்தியும், கட்டன்சாயாவும் இருந்தன. கிருபாபாய் மகனுக்கு வழக்கத்தைவிட ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள். விபினுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் ஏசியிருந்தால் பெட்டிக்காக வாதாடியிருப்பான்.

எழுந்து போய்ப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தான். கையில் எடுத்தபோதே அவன் முகம் மாறியிருந்தது. அப்போதுதான் சுட்டெடுத்த பன்போல டப்பா சூடாக இருந்தது.

"புகைப்புரையில தீ வச்சதாரு?"

செல்லையன் மரச்சீனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அஞ்சு நாளா ஷீட்டு காயல்லியேன்னு விடிய ஒரு பிடி தேங்காத் தொண்டு வச்சேன். ஏன், அதுக்கும் பெட்டியிட்ட கேக்கணுமா?"

விபின் போனில் அளவுகளை ஓட்டிப் பார்த்தான். சூடு முப்பத்தெட்டு. ஈரம் நாற்பது. "சென்சார் சரியாத்தான் வேலை செய்திருக்கு," என்றான், செத்தவன் நல்லவன் என்று சொல்லும் குரலில்.

அஜிஷா சம்மந்தியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "சேட்டா, எங்க வார்டுல ஒரு அப்பாப்பன் உண்டு. நான் தெர்மாமீட்டரோட வாறதைக் கண்டா, ஒரு கிளாஸ் சுடுசாயாவை மடக்குன்னு குடிச்சுப்போட்டு வாயைத் திறப்பாரு. நூத்தி மூணு காட்டும். முதல் நாளு நான் டாக்டரை ஓடிப்போய் கூப்பிட்டேன். ரெண்டாம் நாளு, கட்டிலுக்க அடியில கிளாஸைக் கண்டேன்."

"அதுக்கு?"

"தெர்மாமீட்டர் பொய் சொல்லல்ல. அது சாயாவுக்க சூடை சொல்லிச்சு. சேட்டனுக்க பெட்டி மாமாவுக்க புகைப்புரையைச் சொல்லிச்சு. அதை மழையைச் சொல்லுதுன்னு நெனச்சது நம்மளாக்கும்."

செல்லையன் சிரித்தார். கிருபாபாயும் சிரித்தாள். விபின் மெல்லுவதை நிறுத்திவிட்டான். வாயில் மரச்சீனியோடு அப்படியே உட்கார்ந்திருந்தவன், எழுந்து சாய்ப்பு அறைக்குப் போனான். ஜன்னல் பக்கம் போன் அவனைத் தமிழ்நாட்டுக்கு வரவேற்றது.

"அனூஜ். காற்றுமானி எங்க இருக்கு?"

"கப்பல்ல."

"கப்பல்ல எங்க?"

"படத்துல முன்னால உள்ள கொடிமரத்துல. நேருல பின்னால, கேப்டன் நிக்கிற அறைக்க மேல. ரெண்டாவது தூணுக்கு சரியா முதுகுப்பக்கம்."

"ஏன்டே?"

"கேபிள் அதுவரைதான் எட்டிச்சு. ஏப்ரல் மாசமே உனக்கு எழுதிப் போட்டேனே. நீ தம்ஸ்அப் போட்டே."

விபின் தேடினான். இருந்தது. ஏப்ரல் பதினேழு. ஒரு மஞ்சள் கட்டைவிரல், நிமிர்ந்து, முழு நம்பிக்கையோடு நின்றது.

சுற்றுகிற தூண் தன் முதுகுப்பக்கக் காற்றை மாவாட்டுவதுபோல ஆட்டிவிடும். அந்தச் சுழலுக்குள் காற்றுமானி நின்றுகொண்டிருந்தது. தூண் சுற்றினால் அது திசை மாறிவிட்டது என்னும்; தூண் நின்றால் சரியாகிவிட்டது என்னும். இரண்டும் உண்மை. தன் தூண் கிளப்பிய காற்றையே கடற்காற்று என்று நினைத்து, அதைக் கண்டு பயந்து, ஆறு மாதமாக விபின் தூணை நிறுத்திக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்று முறை மாற்றிய எண்களில் ஒன்றுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

"கேப்டனுக்க கை சரியாக்கும் சொல்லிச்சு, இல்லியா?" என்றான் அனூஜ்.

"கேபிள் எத்தனை மீட்டர் வேணும்?"

"அறுபது. தூத்துக்குடியில கெடைக்கும். ஆனா கொடிமரத்துக்க பக்கத்துலயும் கிரேன் நிக்கி. எங்க வச்சா சுத்தமான காத்து கிட்டும்னு நேருல நின்னு பாத்தாத்தான் தெரியும். திங்கக்கிழமை கப்பல் அங்க வருது. வியாழக்கிழமை சோதனை. நீ வாறியா, இல்ல தம்ஸ்அப் போடுதியா?"

புறப்படும் முன் விபின் ஒரு காரியம் செய்தான். எலியாவின் கடையில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு வைத்திருந்த நீள வயரைக் கேட்டு வாங்கி, வைபையைப் புகைப்புரை வரை நகர்த்தி, விளையின் நடுவில் கம்பு நட்டு, பெட்டியை அங்கே மாற்றினான். ஞாயிறு விடியும்போது கிருபாபாய் கதவைத் திறந்தாள். கை நீட்டினாள். ஜெபம் முடித்தாள். மறு கை. பிறகுதான் இடுப்பிலிருந்த போனைக் காதில் வைத்தாள். சாய்ப்பு அறையிலிருந்து மகன் பார்ப்பதைக் கண்டதும் விளக்கம் சொன்னாள்.

"பெட்டி சரியா சொல்லுதான்னு பாக்கேன் மக்கா."

விபின் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கள் காலை காரக்கோணத்திலிருந்து களியக்காவிளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ஒன்று, பிறகு தூத்துக்குடிக்கு ஒன்று. கிருபாபாய் ஒரு குப்பியில் நாரங்காய் ஊறுகாயும், பொட்டலத்தில் சுக்கும் கொடுத்தாள்.

"சத்தி வந்தா சுக்கைக் கடி. நிக்கல்லன்னா ஊறுகாயை நக்கு. அதுலயும் நிக்கல்லன்னா..."

"நிக்கல்லன்னா?"

"கம்பியைப் பிடிச்சுக்கோ. கடலுக்குள்ள எத்திப் பாக்காத."

"சபையில ஜெபக்குறிப்பு குடுத்தது இப்பமாக்கும் சரியாச்சு," என்றார் செல்லையன், பின்படிக்கட்டுக் குரலில். அஜிஷா அவனுடைய சட்டைப் பையில் வாந்தி நிற்பதற்கான இரண்டு மாத்திரைகளை வைத்து, "சாயா குடிக்காம வாயைத் திறக்கணும், கேட்டீங்களா," என்றாள்.

சுக்கு செவ்வாய்க்கிழமை தீர்ந்தது. ஊறுகாய் புதன்கிழமை. விபின் வாந்தியெடுத்து முகம் பச்சையாகி, அனூஜுக்குப் பின்னால், கைக்கடக்கமான ஒரு காற்றுமானியைப் பிடித்துக்கொண்டு கப்பலின் பதினொரு இடங்களில் ஏறி இறங்கினான். கொடிமரத்தின் உச்சியில் கிரேன் காற்றை மறைக்காத ஒரு மூலை கிடைத்தது. அறுபது மீட்டர் கேபிளை இருவரும் இழுத்தார்கள். ஐம்பத்தெட்டாவது மீட்டரிலேயே போய் எட்டிவிட்டது. மீந்த இரண்டு மீட்டர் கேபிளைக் கண்டபோது, விபின் அதைக் கட்டிப்பிடித்து அழுதுவிடுவான்போல நின்றான்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காரக்கோணத்தில் செய்தி கிடைத்தது. ஏழு மணி நேரம், ஒரு விக்கல்கூட இல்லை. எண்ணெய் குறைந்தது, கப்பல்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், தூண்கள் நிற்கும், விபினும் நிற்பான். அஜிஷா வார்டிலிருந்தே கூப்பிட்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, "தின்னாச்சா?" என்று கேட்டாள். செல்லையன் எலியாவின் கடையில் மொத்த ரசவடையையும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்து, பெட்டியையும் தூணையும் கலந்து ஒரு விளக்கம் அளித்தார். ரத்னபாய், கடற்பிரயாணத்திலிருந்து ஒருவன் நிஜமாகவே திரும்பி வருவதால் இந்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை தான் போடுவதாகச் சொன்னாள்.

விபின் அனுப்பிய பதினாறு பக்க அறிக்கையில், காற்றுமானியின் புது இடம் படத்தோடு இருந்தது. ஏப்ரல் பதினேழும் இருந்தது, மறைக்கவில்லை. அதில் இல்லாத ஒன்று உண்டு.

சோதனையின் ஆறாவது மணியில் மேற்கே வானம் கறுத்தது. கப்பல்காரர்களின் பிரதிநிதி, தூண்களை நிறுத்திவிடுவது நல்லதல்லவா என்று கேட்டார். நிறுத்தினால் அதுவரை ஓடிய ஆறு மணி நேரமும் கணக்கில் வராது. நிறுத்தாமல் விட்டு, பெருங்காற்று வந்து மோதினால், அதைவிட மோசம். ஸ்கிரீனில் எல்லா எண்களும் பச்சையில் இருந்தன. சுத்தமான இடத்தில் நிற்கும், சர்ட்டிபிகேட் உள்ள காற்றுமானி, பயமில்லை, ஓடலாம் என்றது. எல்லோரும் விபினைப் பார்த்தார்கள்.

"ஒரு மிஸ்டு கால் கெடக்கு. இதோ வாறேன்," என்றான் விபின்.

கரையிலிருந்து இருபது மைல். எந்த மாநிலத்து டவரும் அங்கே யாரையும் வரவேற்பதில்லை.

கதவைத் திறந்து, கப்பலின் இடதுபக்கம் நீளும் ஒடுக்கமான நடையில் போய் நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற கேப்டன் மட்டும் பார்த்தார். உடனே, வலதுபக்கக் கடலில் ஏதோ அவசரமாகக் கவனிக்க வேண்டியிருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விபின் கம்பியிலிருந்து வலது கையை எடுத்தான். உள்ளங்கையை மலர்த்தி, கம்பிக்கு வெளியே நீட்டினான். உதடுகள் அசைந்தன. ஒரு ஜெபம் முடியும் நேரம். பிறகு வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நீட்டினான். அதற்கும் ஒன்று.

உள்ளே வந்து, "ஓடட்டும்," என்றான். கீபோர்டில் விரல் வைக்கும் முன், இரண்டு கைகளையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.